சத்தத்தைக் கூலியாக வாங்கும் படகுக்காரி

பிப்ரவரி 11, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று நல்ல கூட்டம். காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டுவிட்டது. "இது தெளிவா இருக்கா, முந்தினது தெளிவா இருந்துச்சா?" கண் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் ஏனோ பரீட்சை பயம் வந்துவிடுகிறது. ஒரு பெரியவர் தன் முறை வருவதற்கு முன்பே கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பித்தார். நான் பலகையை மாற்றிப் போட்டிருந்தேன். "அது அழுகுணி ஆட்டம்மா" என்று கோபித்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

வீட்டுக்கு வந்தால் இதைச் சொல்ல ஆளில்லை. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் போகக் கழுவி, சாப்பிட்டு, செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

தம்பியின் அறை வழக்கம்போல மூடியிருந்தது. இவருடைய தம்பி, என் கொழுந்தன். அத்தை, இவர்களுடைய அம்மா, இறந்துபோனதிலிருந்து அந்த அறையை விட்டு வருவதில்லை. நாங்கள் வேலைக்குப் போன பிறகுதான் குளிக்கக்கூட வெளியே வருவான். தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன். திரும்பிப் போயிருக்க வேண்டியதுதான். என்னமோ தோன்றி, கதவைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெரியவர் கதையைச் சொன்னேன். முழுவதையும். கதவுக்கு. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நகரப் போனபோது உள்ளேயிருந்து குரல்.

"அப்புறம் அவருக்கு என்ன பவர் வந்துச்சு, அண்ணி?"

பிப்ரவரி 12, புதன்

இவரிடம் சொன்னேன், தம்பி பேசினான் என்று. சாப்பிடுவதை நிறுத்தினார். "என்ன கேட்டான்?" என்றார். கண்ணாடி பவர் கேட்டான் என்றேன். மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அத்தையின் புடவைகளை வெயிலில் போட்டேன். யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

அந்த நாளை நான் நேரில் பார்க்கவில்லை. கடையில் இருந்தேன். அத்தை குளியலறையில் விழுந்துவிட்டார்கள். வீட்டில் தம்பி மட்டும்தான் இருந்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, அன்று அவனுக்கு விடுப்பு. இவர் வந்து பார்த்தபோது தம்பி அத்தையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தானாம். கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கியதாம். துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் இவர் கத்தினார்: "காதுல அதை மாட்டிக்கிட்டு உக்காந்து பொம்மைப் படம் பாத்திருக்கான். அங்க அம்மா செத்துக்கிட்டிருந்திருக்கா!"

தம்பி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக்கும் திரும்பப் போகவில்லை. அவனுக்கு நிச்சயம் செய்யவிருந்த பெண் வீட்டாரும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாங்களா என்று டாக்டரிடம் கேட்டோம். "சொல்ல முடியாது" என்றார். அந்த "சொல்ல முடியாது" தான் இரண்டு வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டில் குடியிருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

கதவு ஒரு சாண் திறந்திருந்தது! தாடி மார்பு வரை. நான் எதையும் பார்க்காத மாதிரி நின்றேன்.

கையில் ஒரு சின்னப் புத்தகம். மேலட்டையில் ஒரு பெண் துடுப்போடு நிற்கிறாள், அவள் தோளில் ஒரு கொக்கு. என்ன புத்தகம் என்று கேட்டேன். பெயரைத் தமிழில் சொன்னான்: "மூடுபனிக் கடலில் படகோட்டும் எனக்குக் கூலியாகச் சத்தம் மட்டுமே கிடைக்கிறது."

"இது தலைப்பா, புகார் மனுவா?"

சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான்.

லைட் நாவலாம். ஜப்பானில் இப்படிச் சின்னச் சின்னப் புத்தகமாக வருமாம், நடுநடுவே படங்களோடு. தலைப்பு எல்லாமே இப்படித்தான் நீளமாக இருக்குமாம். இவன் படிப்பது இங்கிலீஷில். "எனக்குப் படிச்சுச் சொல்லேன்" என்றேன், சும்மாதான். யோசித்தான். "உங்களுக்குப் போரடிக்கும் அண்ணி."

"நாள் முழுக்க ஏ, பி, சி, டி கேக்குறவ நான். எனக்கா போரடிக்கும்?"

மார்ச் 5, புதன்

கதை இப்படிப் போகிறது.

கடல் வற்றிப்போன ஓர் உலகம். தண்ணீர் இருந்த இடமெல்லாம் மூடுபனி. அதன் மேல் படகு ஓடும். அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் படகுக்காரிக்குக் கூலியாகத் தங்களுக்குப் பிடித்த ஒரு சத்தத்தைக் கொடுக்க வேண்டும். மகன் நடந்து வருகிற சத்தம், தகரக் கூரையில் மழை, எது பிடிக்குமோ அது. கொடுத்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அது அவர்கள் காதில் விழாது. அவள் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கிறாள். அவளுக்கு ஊரில்லை, அம்மா அப்பா இல்லை. கூட இருப்பது அந்தக் கொக்கு மட்டும். அது வாயைத் திறந்தால் வசவுதான்.

நான் காய் நறுக்குகிறேன், அவன் சமையலறை நிலைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து சொல்கிறான். ஆமாம், வெளியே வந்துவிட்டான். இவர் வருகிற வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறான்.

மார்ச் 6, வியாழன்

இரண்டாம் புத்தகத்தில் ஒரு பாட்டுக்காரன் படகில் ஏறுகிறான். தன் குரலையே கூலியாகக் கொடுக்கிறேன் என்கிறான். கொக்கு அவனைத் திட்டுகிறது: "உன் குரல் உனக்குத்தான் பிடிக்கும். பிறருக்கும் பிடிக்கிற சரக்கைக் கொடு." சிரிப்பில் வெங்காயத்துக்குப் பதில் விரலை நறுக்கியிருப்பேன்.

மார்ச் 19, புதன்

கடையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுகூட அந்தப் படகுக்காரி ஞாபகம். எனக்கு ஏன் இந்தக் கதை இப்படிப் பிடித்துப்போனது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு தடவை வயிற்றில் தங்கி, தங்காமல் போனது. அதற்குப் பிறகு கதை, சினிமா எதிலும் மனம் நின்றதில்லை. எல்லாவற்றிலும் கடைசியில் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

இதில் அப்படி யாரும் எதையும் ஜெயிப்பதில்லை. அவள் ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறாள், திரும்பி வருகிறாள். ராஜாவின் மகளும் இல்லை, வரம் வாங்கியவளும் இல்லை. ஆனால் நாள் முழுக்க அவளோடு பேச ஒரு கொக்கு இருக்கிறது.

பொறாமைதான். வேறென்ன.

ஏப்ரல் 2, புதன்

நான்காவது புத்தகம் முடிந்தது. படகுக்காரியே அக்கரைக்குக் குடிபோக நினைக்கிறாள். அவளும் கூலி கொடுத்தாக வேண்டும். எந்தச் சத்தத்தைக் கொடுப்பாள்? அங்கே நிற்கிறது. அடுத்தது சொல் என்றேன்.

"அதுக்கு மேல நான் படிக்கல அண்ணி."

ஆனால் அலமாரியில் ஐந்தும் ஆறும் இருக்கின்றன. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். ஏன் என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. எழுந்து போய்விட்டான். கதவு மூடிக்கொண்டது.

நான் ஏன் கேட்டேன்? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியல எனக்கு.

ஏப்ரல் 5, சனி

மூன்று நாளாகக் கதவு திறக்கவில்லை. இன்று தட்டோடு ஒரு வார்த்தையும் வைத்தேன்: "கதை வேணாம் தம்பி. சும்மா வந்து உக்காரு."

வந்தான். தானாகவே சொன்னான். இந்தக் கதை பொம்மைப் படத் தொடராகவும் வந்ததாம், வாரம் ஒரு பகுதி. நான்காம் புத்தகத்தோடு தொடர் முடிந்துவிட்டது. அந்தக் கடைசிப் பகுதியைத்தான் அன்றைக்கு அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை விழுந்த அன்றைக்கு.

"அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?"

பால் பொங்கியது, அடுப்பை அணைத்தேன்.

ஏப்ரல் 12, சனி

ஐந்தும் ஆறும் சேர்ந்து சினிமாவாக வருகிறதாம். தொடர் நின்ற இடத்திலிருந்து படம் ஆரம்பிக்கிறது. நம் ஊர் தியேட்டரிலேயே வருகிறது. கடையில் ஃபிரேம் மாட்டிப் பார்க்க வந்த கல்லூரிப் பெண் சொன்னாள். அவள் பையில் அந்தக் கொக்குப் பொம்மை தொங்கியது. "கொக்கு ரெண்டாவது புக்ல பாட்டுக்காரனைத் திட்டுமே" என்றேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்களா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வயதில் எனக்கு ஒரு கூட்டாளி.

தம்பியிடம் சொன்னேன். போகலாமா என்றேன். தலையை ஆட்டினான், மாட்டேன் என்று.

"நான் தனியா போறேன் அப்ப. படத்துக்குக் கீழ ஓடுற இங்கிலீஷ் எழுத்தை எனக்கு வேகமாப் படிக்க வராது. பாதி புரியாம வந்து உன்கிட்டத்தான் கேப்பேன். நீ படிக்கலன்னு சொல்லுவ. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. நல்லா இருக்கும்."

ஏப்ரல் 20, ஞாயிறு

தாடியை எடுத்துவிட்டான். கன்னம் ஒட்டிப்போய், பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கிறான். இவர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது ஷேவிங் கிரீம் வாங்கி வந்து குளியலறையில் வைத்தார். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

படம் பார்த்தோம். மூவரும்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இவர் எங்களை இறக்கிவிட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு. கம்பெனி வேனில் போனோம், பின்னால் ஸ்பேனர்கள் உருள. தியேட்டர் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் தம்பி இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வேர்வை. நான் கெஞ்சினேன். இவர் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பிறகு வேனை நிறுத்திவிட்டு வந்து, அவன் பக்கக் கதவைத் திறந்து, "வா. நானும் வரேன்" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் இவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

உள்ளே எல்லாம் சின்னப் பிள்ளைகள், கல்லூரிக் கூட்டம். நாங்கள் மூவரும் வழி தவறி வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் இவர் உரக்கவே கேட்டார்: "இந்தக் கொக்கு ஏன் எல்லாரையும் திட்டுது?" முன்வரிசையிலிருந்து "உஷ்" வந்தது.

படத்தைப் பற்றி என்ன எழுதுவது? கதை எனக்குப் பாதி தெரியும். ஆனாலும் இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. படகுக்காரி வேலையை ஆரம்பிக்கும் முன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தலைமுடியைச் சேர்த்து அள்ளுகிறாள். நான் தினமும் காலையில் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு அப்படித்தான் கொண்டை போடுகிறேன். அதை யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, ஒவ்வொரு முடியாகப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். இது ஒரு பெரிய விஷயம், இதைக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. துடுப்பிலிருந்து பனி சொட்டுவதையும் ஒரு கோப்பையிலிருந்து ஆவி எழுவதையும் அவசரமே இல்லாமல் காட்டுகிறார்கள். யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டிலும்தான் யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்த மௌனத்தில் யாரோ யாரையோ கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கடைசியில் புயல். பெட்டி உடைகிறது. திரை முழுக்க வெள்ளை. படகு இல்லை, ஆள் இல்லை, பனி மட்டும். அதற்குள்ளிருந்து இத்தனை காலம் பூட்டி வைத்த சத்தமெல்லாம் வெளியே வருகிறது. முன்னாலிருந்து, பின்னாலிருந்து, தலைக்கு மேலிருந்து. மழை. டம்ளரில் கரண்டி. யாரோ தும்முவது. சின்னக் குழந்தை. சைக்கிள் மணி. அப்புறம் ஒரு வயதான பெண் குரல், வீட்டுக்குள்ளேயிருந்து யாரையோ கூப்பிடுகிறது. அதற்குக் கீழே எழுத்துப் போடவில்லை. எந்த மொழியானால் என்ன, அம்மா கூப்பிடுவது தெரியாதா?

தம்பி குனிந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். நான் முதுகில் கை வைத்தேன். அந்தப் பக்கம் இவர் அசையவே இல்லை.

வேனில் திரும்பும்போது இவர்தான் முதலில் பேசினார். "நல்லாத்தான் எடுத்திருக்கான். அந்தச் சத்தமெல்லாம்." சமாதானமாகத்தான் சொன்னார். நான் மனசுக்குள் சாமியைக் கும்பிட்டேன்.

அப்போது தம்பி சொன்னான்.

"அண்ணே, அன்னைக்கு நான் ஹெட்ஃபோனைக் காதுல மாட்டல. கழுத்துலதான் கிடந்துச்சு."

இவர் வேகத்தைக் குறைத்தார்.

"அம்மா கூப்பிட்டாங்க. எனக்குக் கேட்டுச்சு. இதோ வரேம்மான்னு சொன்னேன். மறுபடியும் கூப்பிட்டாங்க. கடைசி சீன் ஓடிக்கிட்டிருந்துச்சு. அது முடியட்டும்னு உக்காந்திருந்தேன். முடிஞ்சு எந்திரிச்சுப் போனேன்."

இவர் வேனை ஓரம் கட்டினார்.

"கேக்கலைன்னு நீ நெனச்ச. நான் அப்படியே விட்டுட்டேன். கேட்டும் வராததைவிட, கேக்காம போனது பரவாயில்லல்ல, அதான்."

பக்கத்தில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. இவர் வேனின் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேனைக் கிளப்பினார். வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டியூட்டி கிடையாது.

ஏப்ரல் 28, திங்கள்

கடையில் ஒருவருக்கு வலது கண் பவரை இடது கண்ணுக்கு எழுதிவிட்டேன். முதலாளி கவனித்து மாற்றினார். "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

இவர் பேசவில்லை. தம்பி பேசவில்லை. நான் நடுவில்.

மே 9, வெள்ளி

வேடிக்கை என்னவென்றால் தம்பி இப்போது அறையில் இருப்பதில்லை. காலையிலேயே எழுந்து வெளியே நடந்துவிட்டு வருகிறான். காய்கறி வாங்கி வருகிறான். இவர்தான் வீட்டில் இருந்தால் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஆள் மாறிவிட்டது, கதவு மூடியே இருக்கிறது.

திட்டினாலாவது பரவாயில்லையே. "அடிச்சிருந்தாக்கூட வாங்கிட்டு இருந்திருப்பேன் அண்ணி" என்கிறான் தம்பி.

ஐந்தாவது புத்தகத்தைக் கொண்டு வந்து சொல்லேன் என்று கேட்டேன். "அதான் படமே பாத்துட்டோமே" என்றான்.

மே 21, புதன்

கூடப் படித்த ஒருவன் மூலமாக வேலை கிடைத்திருக்கிறது. வேறு ஊரில், பஸ்ஸில் அரை நாள் பயணம். பழையபடி ரத்தப் பரிசோதனைக் கூடம். எல்லோரும் சந்தோஷப்பட வேண்டிய சேதி. நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான்தானே வெளியே வா, வெளியே வா என்று இழுத்தேன். வந்துட்டான். வெளியவே போறான்.

ஜூன் 1, ஞாயிறு

தம்பி கிளம்பிவிட்டான். காலையில் பஸ்.

அண்ணனிடம் சொல்லிக்கொள்ள அறை வாசலில் நின்றான். "போய்ட்டு வரேன்ணே." உள்ளேயிருந்து, "ம். பாத்துப் போ." வெளியே வரவில்லை. நான் மட்டும் பஸ் நிலையம் வரை போனேன். என்னிடம் என்னென்னவோ சொல்ல வந்து, "நேரத்துக்குச் சாப்பிடுங்க அண்ணி" என்றான். இத்தனை நாள் அவனுக்குத் தட்டு வைத்தவள் நான்!

பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

ஜூன் 17, செவ்வாய்

போன் செய்தேன். "வேலைல இருக்கேன் அண்ணி, அப்புறம் பேசவா?" அப்புறம் பேசவில்லை. நல்லதுதான். வேலை இருக்கிறது, கூட நாலு பேர் இருக்கிறார்கள். நாலு வார்த்தை பேச இனிமேல் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஓர் அண்ணிதான் வேண்டும் என்றில்லை. நான் ஆசைப்பட்டதும் இதைத்தானே? பிறகென்ன நெஞ்சில் இந்தக் கனம்?

ஜூலை 6, ஞாயிறு

மறுபடி பேசினேன். ஏழாவது புத்தகம் வந்திருக்கிறதாம், கடைக்கு வரும் அந்தக் கல்லூரிப் பெண் சொன்னாள். சொல்லலாம் என்று அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டேன்.

"அப்படியா? இப்பல்லாம் அது பக்கமே போறதில்ல அண்ணி. புக்கெல்லாம் அங்கதான இருக்கு, நீங்க படிங்க."

அவன் குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரியமாகத்தான் சொன்னான்.

ஐந்தாவது புத்தகத்தின் உறையை நானே பிரித்தேன். ஒரு வரி படிக்க இரண்டு தடவை அகராதி. கொக்கு திட்டுவது பாதிதான் புரிகிறது. புரிகிற பாதிக்குக் கூடச் சேர்ந்து சிரிக்க ஆளில்லை. ஆனாலும் விடப் போவதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

மதியம் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து எதிரில் நின்றார். உட்காரவில்லை. "அதுல அந்தப் பொண்ணு கடைசியில எந்தச் சத்தத்தைக் குடுக்கும்?" என்றார். படத்தில் பார்த்தீர்களே, அதற்குள் பெட்டி உடைந்துவிடுகிறது, கொடுக்கவே வேண்டியதில்லை என்றேன்.

"ஆமா. உடைஞ்சிடுது" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்குக் காலையில அம்மா எனக்கும் போன் பண்ணா."

எனக்குப் புரியவில்லை. எந்த அம்மா, என்றைக்கு?

"விழறதுக்கு முன்னாடி. நான் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டுல நின்னுட்டிருந்தேன். தினமும் பண்ணுவாளே, பல்பு வாங்கிட்டு வா, மாத்திரை வாங்கிட்டு வான்னு. அதுதான்னு கட் பண்ணேன். மறுபடியும் பண்ணா. மறுபடியும் கட் பண்ணேன். அம்மாவுக்குத் தலை சுத்தியிருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கா. தலை சுத்துது, பெரியவனுக்குப் போன் போட்டேன், எடுக்கலன்னு. காரியம் முடிஞ்ச அன்னைக்கு அந்தம்மா என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சு."

நான் எழுந்துவிட்டேன். என்ன பேசினேன் என்று முழுவதும் ஞாபகமில்லை. "இத்தனை நாள் அவனை மட்டும் குத்தவாளியாக்கி உள்ள உக்கார வச்சீங்களே! உங்களுக்கும் கேட்டுச்சு, அவனுக்கும் கேட்டுச்சு. ஊரைக் கூட்டி அவனை மட்டும் ஏன் சொன்னீங்க?" என்று கத்தினேன். இவரைப் பார்த்து இப்படி ஒரு நாளும் கத்தியதில்லை.

"கத்துனப்ப எனக்கு இது தெரியாது. அந்தம்மா சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது. அப்புறம் எந்த வாயால போய் நான் அவன்கிட்ட சொல்றது?" என்றார்.

அன்று வேனிலாவது சொல்லியிருக்கலாம். அவன் சொன்னானே, அவன் வயசென்ன, இவர் வயசென்ன.

"அவன்கிட்ட நீ சொல்லிடாத" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

ஜூலை 21, திங்கள்

இவரோடு பேசவில்லை. சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். வைத்துவிட்டு நகர்வதுதான் எனக்கு நன்றாகப் பழகியிருக்கிறதே.

ஜூலை 25, வெள்ளி

தம்பியிடம் போனில் பேசும்போது நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நான் சொன்னால் அது கோள் சொன்ன மாதிரி ஆகும். இவர் சொன்னால்தான் அது அவனுக்கு எதுவாகவாவது ஆகும். ஆனால் இவர் சொல்ல மாட்டார். அத்தை பெற்ற இரண்டும் அழுத்தக்காரப் பிள்ளைகள்.

அத்தை இருந்தால் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் திட்டியிருப்பார்கள். "ஒரு போனுக்கும் ஒரு படத்துக்கும் இவ்வளவா? போங்கடா, போய்ச் சாப்பிடுங்கடா" என்றிருப்பார்கள். அவர்கள் குரல் அப்படியே காதில் கேட்கிறது. எனக்கு மட்டும்தான் கேட்கிறது போல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இவர் குளியலறையில் கைப்பிடி மாட்டினார். சுவரில் துளை போட்டு, இழுத்து இழுத்துப் பார்த்து. யாருக்காக என்று கேட்கவில்லை. கொஞ்சம் கோபம் குறைந்திருந்தது எனக்கு. ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் விடியும்போதே இவர் கிளம்பிவிட்டார். வெளியூரில் ஒரு லிஃப்ட் வேலை, வரத் தாமதமாகும் என்றார். போன பிறகு பார்த்தேன், டூல்ஸ் பெட்டி கட்டிலுக்கடியிலேயே இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்து போன் போட்டேன். எடுக்கவில்லை.

கடையில் அரை நாள்தான். வந்து துணி துவைத்தேன். ஐந்தாவது புத்தகத்தில் கொஞ்சம் படித்தேன். சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். தானாகவே கூப்பிட்டதால் பயந்துவிட்டேன்.

"அண்ணி, அண்ணன் இங்க வந்திருக்காரு."

"எங்க?"

"இங்கதான், என் ரூம்ல. மத்தியானமே வந்துட்டாராம். நான் வேலை முடிச்சு வெளிய வர்ற வரைக்கும் லேப் வாசல்லயே நின்னுட்டிருந்தாரு. உள்ள வந்து கேக்கக்கூட இல்ல."

எனக்கு "சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்க வந்தது.

"இல்ல." குரலைத் தாழ்த்திச் சொன்னான். "சொன்னாரு அண்ணி. அம்மா போன் பண்ணதை."

"நீ என்ன சொன்ன?"

"டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சுட்டு அப்படியே என் கட்டில்ல சாஞ்சாரு, தூங்கிட்டாரு. ஷூவைக்கூடக் கழட்டல, நான்தான் கழட்டி விட்டேன்." குரலை இன்னும் தாழ்த்தினான். "கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி. எழுப்பட்டுமா?"

"எழுப்பாத. தூங்கட்டும். நாளைக்கு வரட்டும்."

"சரி."

"ஏதாவது போத்தி விடு."

"போத்திட்டேன்" என்றான்.